கைக்கணினியா? மடிக்கணினியா?

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. சிறு வயது முதல் ஆச்சி வாயால் பலமுறை கேட்ட பழமொழிதான். அதன் பொருள் எனக்கு விளங்கியது என்னவோ 2025-ஆம் ஆண்டு, நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்து கணினி அறிவியலைப் பாடமாக எடுத்த பிறகுதான். அந்த அனுபவத்தை என் அன்புத் தோழியருக்கும், அவர்தம் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

என் தாயார் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். ரவிக்கை தைத்தும் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தும் கிடைக்கும் பணத்தில் மாதந்தோறும் ஒரு தொகையைச் சீட்டுக் கட்டி வந்தார். அந்தச் சீட்டு செப்டம்பர் மாதம் முடிந்தது. கைக்கு வந்த தொகை 35,000 ரூபாய். அம்மா அதை முந்தானையில் முடிந்தபடியே என்னிடம் வந்து, “பிள்ளை கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருக்கே. வீட்டிலே ஒண்ணு இல்லாம எப்படிப் படிப்பே? உனக்கு எது வேணுமோ பாத்துச் சொல்லு” என்றார்.

எனக்கு வேண்டியது எது என்று நான் முன்னரே முடிவு செய்திருந்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் ஒரு டேப்லட் உண்டு. கடைத்தெருவில் ‘டேப்’ என்பார்கள். அரசு அறிக்கைகளில் ‘கைக்கணினி’ என்று அழகாக எழுதுவார்கள். சிலேட்டுப் பலகை போன்ற வடிவம். அரைக் கிலோ எடை. விரலால் தொட்டால் பக்கம் புரளும். அதற்கென்றே ஒரு பேனாவும் உண்டு. அந்தப் பேனாவால் அவள் அன்னை மரியாவின் படம் வரைந்து காட்டிய நாளிலிருந்து என் மனம் அதன்மேல்தான்.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு மடிக்கணினி இருந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் பெரியம்மா மகள் அக்கா 2015-இல் பெற்றது அது. அக்கா படித்து முடித்து வேலைக்குப் போனதும் எங்களுக்குத் தந்தார். அதில்தான் நான் என் பெயரை முதன்முதலாகத் தமிழில் அடித்துப் பார்த்தேன். 2022-இல் ஒருநாள் அது கண் மூடியது, பிறகு திறக்கவேயில்லை. அதன் பின்னர் எங்களுக்கு இருந்தது அம்மாவின் செல்போன் ஒன்றுதான். அப்பா தம் கைப்பேசியோடு காலையிலேயே கடைக்குக் கணக்கெழுதப் போய்விடுவார். அம்மாவின் போனுக்கு நானும், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியும் போட்டி.

கணினி அறிவியல் கற்பிக்கும் எங்கள் சிஸ்டரிடம் ஓடிச் சென்று, “சிஸ்டர், எந்த டேப் வாங்கலாம்?” என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்தார்கள். “எந்த மருந்து என்று கேட்கிறாய், நோய் என்னவென்று இன்னும் சொல்லவில்லையே! ஒரு நோட்டுப் புத்தகத்தை எடு. ஏழு நாள் கணக்கு எழுது. செல்போனைக் கையில் எடுத்த ஒவ்வொரு தடவையும் எதற்காக எடுத்தாய் என்று ஒரு வரி. விளையாட்டுக்கு எடுத்ததை எழுத வேண்டாம், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்” என்றார்கள்.

நானும் எழுதினேன். ஏழு நாளில் 31 தடவை. அவற்றில் பாடம் தொடர்பான காணொளி பார்த்தது 9. பாடநூலைத் திரையில் விரித்துப் படித்தது 7. வகுப்புக் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்தது 6. ஆச்சிக்காகச் செபமாலையும் மறையுரையும் போட்டுக் கேட்டது 3. எஞ்சிய 6 தடவைதான் எழுத்து வேலை. அதாவது 31-க்கு 25 பங்கு பார்ப்பதும் கேட்பதும்! இதைவிட டேப்லட்டுக்குச் சான்று வேறென்ன வேண்டும்? வெற்றிக் களிப்போடு நோட்டைச் சிஸ்டரிடம் நீட்டினேன்.

சிஸ்டர் கூட்டிப் பார்த்தார்கள். கணக்குச் சரி. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். “இந்த 31-இல் நினைத்தபடி நடந்து முடிந்தவை எவை? முடியாமல் நின்றவை எவை?”

நான் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். பார்த்தவை, கேட்டவை, படித்தவை எல்லாம் அம்மாவின் செல்போனிலேயே நடந்து முடிந்திருந்தன. திரை சிறிது, கண் கொஞ்சம் வலித்தது, ஆனாலும் நடந்தது. எழுத்து வேலை ஆறும் நின்றுபோயிருந்தன. கட்டுரைப் போட்டிக்கு அனுப்பவேண்டிய நான்கு பக்கத் தமிழ்க் கட்டுரை ஒரு பக்கத்தோடு நின்றது. சி++ பயிற்சிகள் மூன்றையும் தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளில் எழுதினால் அரைப்புள்ளி ஒன்று விடுபட்டதை யார் சொல்வது? கணினிதான் சொல்லும், அதற்கு அடுத்த ஆய்வுக்கூட வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் கூட்ட அறிக்கையையும், தம்பியின் செயல்திட்டத்தையும் கடைசியில் பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்து அடித்து வாங்கினோம்.

“ஆக, உன் வீட்டில் பார்ப்பதற்குக் கருவி இருக்கிறது. செய்வதற்குத்தான் இல்லை. இல்லாததை வாங்குவதா, இருப்பதையே சற்றுப் பெரிதாக வாங்குவதா? நீயே யோசி” என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

தோழியரே, எத்தனை தடவை என்பதை மட்டும் எண்ணியிருந்த எனக்கு, எது நின்றுபோனது என்பதை எண்ணத் தோன்றவில்லை. எந்தப் பொருளை வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்று இப்போது நினைக்கிறேன்.

இனி இரண்டு கருவிகளையும் பற்றி நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டேப்லட்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. நமது பாடநூல்கள் அனைத்தையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதினோரு அங்குலத் திரையில் அவற்றை வாசிப்பது, அச்சிட்ட நூலை வாசிப்பது போலவே இருக்கும். செல்போனில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்து இழுத்து விரல் தேயும் தொல்லை இல்லை. ஒரு முறை மின்னேற்றம் செய்தால் ஒரு பகல் முழுதும் தாங்கும். சிம் அட்டை போடும் வகையும் கிடைக்கிறது. மாடிக்கும் தோட்டத்துக்கும் கையோடு கொண்டுபோகலாம். வரையக் கற்கும் பிள்ளைக்கும், கண் மங்கிய பெரியவர்களுக்கும், வாசிப்பையே முதன்மையாகக் கொண்டவர்களுக்கும் அது நல்ல துணை. என் தோழி ஓவியம் பயில்கிறாள். வீட்டில் அவள் அண்ணனின் மடிக்கணினி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அவள் டேப்லட் வாங்கியது மிகச் சரி. அவளுக்குச் சரியானது எனக்கும் சரியாகும் என்று நான் எண்ணியதுதான் தவறு.

2010 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தமது ஐபேடை உலகுக்கு அறிமுகம் செய்தபோது, கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது கருவி என்றே அதைக் காட்டினார். நடுவில் நிற்பதை வாங்குவதற்கு முன், இரு பக்கத்திலும் நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா? அதற்கும் முன்னால், 1972-லேயே ஆலன் கே என்ற அமெரிக்க அறிஞர் ‘டைனாபுக்’ என்று பெயரிட்டுக் குழந்தைகளுக்கான கணினி ஒன்றைக் கற்பனை செய்தார். புத்தகம்போல் கையில் ஏந்தும் தட்டையான கருவி அது. அவர் வரைந்த படத்தில் திரைக்குக் கீழே விசைப்பலகையும் இருக்கிறது. குழந்தைகள் அதில் தாங்களே எழுதவும், படைக்கவும், நிரல் செய்யவும் வேண்டும் என்பது அவரது கனவு.

டேப்லட்டோடு தனியாக ஒரு விசைப்பலகை வாங்கிச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே கேட்டேன். நான் விசாரித்த கடையில் டேப் 16,500 ரூபாய், விசைப்பலகை உறை 3,000, பேனா 2,500, ஆக 22,000 ரூபாய். டேப்லட்டிலும் சி++ எழுதச் செயலிகள் உண்டு. ஆனால் விசைப்பலகை இல்லாவிட்டால் பாதித் திரையை எழுத்துக் கட்டங்களே அடைத்துக்கொள்ளும். டேப்லட்டின் விலையைக் கேட்கிறவர்கள் இந்த உபரிகளின் விலையையும் கூட்டியே பார்க்க வேண்டும்.

மலிவு மடிக்கணினியிலும் ஆபத்து உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் 2021-இல் இணையவழி வகுப்புக்கென்று 18,000 ரூபாய்க்கு ஒரு சிறிய மடிக்கணினி வாங்கினார்கள். அதன் நினைவகம் 4 ஜிபி. சேமிப்பிடம் 64 ஜிபி. விண்டோஸ் அமைப்பே அந்த இடத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு புதுப்பிப்பு வரும்போதும் ‘இடமில்லை’ என்ற அறிவிப்பு. திறந்துவிட்டு உலை வைத்தால், சோறு பொங்கி வரும் நேரத்தில் அதுவும் தயாராகும் என்று அந்த வீட்டு அக்கா வேடிக்கையாகச் சொல்வார். இப்போது அது பீரோவின் மேல் தூங்குகிறது. விண்டோஸ் 11-க்கு அறிவிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தேவையும் அதே 4 ஜிபி, 64 ஜிபிதான். குறைந்தபட்சம் என்பது பேருந்துப் படிக்கட்டில் ஒரு கால் வைக்கக் கிடைக்கும் இடம். அப்படியே தொங்கிக்கொண்டு நாலு வருடம் பயணம் செய்ய முடியுமா? ஆகவே நினைவகம் 8 ஜிபிக்குக் குறையாமலும், சேமிப்பிடம் எஸ்.எஸ்.டி. வகையில் 256 ஜிபிக்குக் குறையாமலும் பார்த்து வாங்க வேண்டும். அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால், தேறாத மடிக்கணினியைவிடத் தரமான டேப்லட்டே மேல் என்று சிஸ்டரும் சொன்னார்கள்.

பழைய மடிக்கணினி வாங்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கையில் எடுக்கும் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேட்டறிந்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் என் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. நான் பார்த்து வைத்த மடிக்கணினியின் விலை 33,500 ரூபாய். சீட்டுப் பணம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். டேப்லட்டும் விசைப்பலகையும் பேனாவும் வாங்கினால் 13,000 ரூபாய் மிஞ்சும். அம்மாவின் தையல் இயந்திரம் இன்னும் காலால் மிதிப்பதுதான். மாலையானால் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வார். மிஞ்சும் பணத்தில் அதற்கு ஒரு மோட்டார் வைத்துவிடலாமே! என் பாடத்துக்காக அம்மாவின் கால் வலியை நீட்டுவது நியாயமா என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. மறுநாள் புனித கார்லோ அகுதிஸின் திருநாள். 2006-இல் தமது பதினைந்தாம் வயதில் இறந்த இந்த இத்தாலிய இளைஞரைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவித்தார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டவர் அவர். கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டியாக வைக்காமல், வேலை செய்யும் கருவியாக வைத்துக்கொண்டவர். அன்று காலை அவரை வேண்டிக்கொண்டு அம்மாவும் நானும் பேருந்தேறி வண்ணார்பேட்டைக்குப் போனோம்.

கடையில் நான் நேராக டேப்லட் பக்கம் போனேன். மோட்டார் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, “இதுவே போதும்மா, விசைப்பலகையோட சேத்து வாங்கிக்கலாம்” என்றேன். விற்பனையாளர் தம்பி விசைப்பலகை உறையை மாட்டிக் காட்டினார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். பத்து விரலையும் அதன்மேல் வைத்தார். விரல்கள் ஒன்றோடொன்று இடித்தன. கையை எடுத்துவிட்டு, பக்கத்து மேசையில் திறந்திருந்த மடிக்கணினியின் முன்னால் போய் நின்றார்.

இடக்கை விரல்கள் ‘ஏ, எஸ், டி, எஃப்’ மேல் தாமாகவே அமர்ந்தன. வலக்கை விரல்களும் தங்கள் இடத்தை அடைந்தன. அடுத்த கணம் மழை பெய்வதுபோல் ஓர் ஒலி. விசைகளை அம்மா பார்க்கவேயில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ‘டியர் சார்’ என்று தொடங்கி ஒரு கடிதமே திரையில் ஓடியது. விற்பனையாளர் வாயடைத்து நின்றார். நானுந்தான்.

அம்மா திருமணத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் தட்டச்சு பயின்று, லோயர், ஹையர் இரண்டிலும் தேறி, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அது எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ்கள் பெட்டியில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் அது ஏதோ பழைய கதை என்றே எண்ணியிருந்தேன். “பதினெட்டு வருசம் ஆச்சு. விரல் மறக்கல பாத்தியா!” என்று அம்மா சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்போதுதான் என் ஏழு நாள் கணக்கின் குறை எனக்குப் புலப்பட்டது. அதில் நான் இருந்தேன், தம்பி இருந்தான், ஆச்சியின் செபமாலைகூட இருந்தது. பணத்தைக் கொடுத்த அம்மா ஒரு வரியிலும் இல்லை. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று நானே முடிவு செய்து, ஒரு மோட்டாரை மனத்தில் வாங்கி வைத்திருந்தேனேயன்றி, அவரைக் கேட்கவேயில்லை. வெட்கத்தால் என் தலை குனிந்தது. “அம்மா, இதையே வாங்குவோம்” என்றேன்.

மடிக்கணினி வந்து சில மாதங்கள் ஆகின்றன. உண்மையைச் சொல்வதானால் குறைகளும் உண்டு. ஒன்றரைக் கிலோ எடை. கட்டிலில் சாய்ந்துகொண்டு பாடநூல் வாசிக்க ஒவ்வாது. மின்சாரம் நின்றால் நாலைந்து மணி நேரத்துக்குமேல் தாங்குவதில்லை. வெயில் நேரத்தில் அதன் விசிறி இரைகிறது. தோழியின் டேப்லட்டைக் காணும்போது ஆசை இன்னும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆயினும் என் சி++ பயிற்சிகள் அன்றன்றே முடிகின்றன. விடுபட்ட அரைப்புள்ளியைக் கணினி உடனே காட்டிவிடுகிறது. அடுத்த ஆண்டு பைத்தான் படிக்கவும் இதுவே போதும். தம்பி விரல் பார்க்காமல் தட்டச்சு செய்ய அம்மாவிடம் கற்றுக்கொள்கிறான்.

அம்மாவோ, எங்கள் அன்பியத்தின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதில் தொடங்கினார். பின்பு முன்னாளில் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஆவணங்கள் அடித்துத் தரலானார். தமிழ் விசைகளின் அமைப்பு பழைய தட்டச்சு இயந்திரத்திலிருந்து வேறுபட்டதால் முதலில் தடுமாறினார். ‘தமிழ் 99’ முறையை நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தட்டச்சு அவர் ஆசிரியை; அவருக்குக் கணினி நான் ஆசிரியை! முதல் மாதம் கிடைத்தது 640 ரூபாய். பெரிய தொகை அல்லதான். அதை அம்மா ஓர் உறையில் இட்டு, மேலே ‘மோட்டார்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டமும் உண்டு. கணினி கூடத்து மேசையை விட்டு நகராது; இரவு ஒன்பதரைக்குக் குடும்பச் செபம் தொடங்குமுன் மூடப்படும். இந்தச் சட்டத்தை இயற்றியவர் ஆச்சி.

2025 மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. கடையிலோ கல்லூரியிலோ ‘உனக்கு எது வேண்டும்?’ என்ற கேள்வி நம் எல்லோரிடமும் ஒருநாள் கேட்கப்படும். அன்று விளம்பரத்தையும் தோழியின் கையையும் பார்த்து விடை சொல்லாதீர்கள். முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஏழு நாள் எழுதுங்கள். நடந்தவற்றை விட்டு, நின்றுபோனவற்றை எண்ணுங்கள். அந்த நோட்டில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் பேசாமல் இருக்கும் ஒருவரின் பெயரும் அதில் ஏறிவிட்டால், எதை வாங்கினாலும் அளந்து போட்டதாகவே இருக்கும்.